ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதற்கு முன்...

வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத், மஸ்கட் என்று சிதறிக் கிடக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள். சில வருஷம் முன்புவரை அதில் பேச்சு எல்லாம் வீட்டு மனை, தங்கம், டிக்கெட் விலை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: காப்பித் தோட்டம். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பி ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதிலிருந்து இந்த ஆசை பலருக்கு வந்துவிட்டது.

"கீழ்ப்பழனி மலையில ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வருது, யாருக்காவது வேணுமா?" என்று ஒருவர் போடுவார். உடனே கேள்விகள் வரும். ஏக்கர் என்ன விலை? பட்டா கிளியரா? கார் உள்ள வரைக்கும் போகுமா? வியூ எப்படி? ஏக்கருக்கு எத்தனை மூட்டை காய்க்கும்?

மண் எப்படி என்று ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் கேட்காதவன்தான். சொந்தத் தோட்டத்திலேயே கேட்காமல் விட்டவன். அதற்கு என் குடும்பம் கொடுத்த விலையைச் சொன்னால் நாலு பேருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

பால்கனியில் செத்த செடி

முதலில் ஷார்ஜா கதை. 2019-ல் வர்சான் பக்கம் ஒரு நர்சரியில் சின்னக் காப்பிச் செடி ஒன்றைப் பார்த்தேன். வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடி என்று விற்றார்கள். ஊர் ஞாபகத்தில் வாங்கி வந்து, கூடவே ஒரு மூட்டை மண்ணும் வாங்கி, பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இங்கே தோட்ட வேலைக்கு விற்கும் அந்த மண்ணை 'ஸ்வீட் சாண்ட்' என்பார்கள். உப்பு குறைந்த மணல் என்று அர்த்தம்.

இரண்டே மாதத்தில் புதுத் துளிர் எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் வெளுப்பு. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன், ஏசி காற்று படாமல் நகர்த்தி வைத்தேன். ஐந்தாவது மாதம் செத்துவிட்டது. அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டியபோது அவர் செடியைப் பார்க்கவே இல்லை. "தொட்டி மண்ணைக் காட்டுடா" என்றார்.

அமீரகத்து மணலில் சுண்ணாம்பு அதிகம், மட்கு கிட்டத்தட்ட இல்லை. அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்த அளவில் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அதனால்தான் துளிர் மஞ்சளானது. அராபிகா காப்பி கேட்பது லேசான அமில மண், பி.எச். 6 முதல் 6.5 வரை. நான் ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் பூட்டின வீட்டு வாசலில் வைத்த சாப்பாடு மாதிரிதான்.

ஒரு தொட்டிச் செடிதானே, போனால் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அதே தவறை அதற்கு முன்பே மூன்றரை ஏக்கரில் செய்திருந்தேன்.

மேல் ஒரு அடிதான் தோட்டம்

எங்கள் தோட்டம் தாண்டிக்குடி பக்கம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் வரும் கீழ்ப்பழனி மலை. காப்பி மட்டும் இருக்கிற இடம் இல்லை. மலைவாழை, மிளகு, ஆரஞ்சு, அவகாடோ, பலா எல்லாம் கலந்து நிற்கும். இவற்றுக்கு மேலே குடை மாதிரி சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும். தாத்தா காலத்தில் வைத்தது. நல்ல வருஷத்தில் 14 மூட்டை பார்ச்மென்ட் கிடைக்கும், மூட்டைக்கு 50 கிலோ கணக்கில்.

காப்பிச் செடியின் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு அடி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒரு அடி பொலபொலவென்று இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கக்கூடாது, தேங்கினால் வேர் அழுகும். ஆனால் ஈரம் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது மட்கு. வருஷா வருஷம் நிழல் மரம் உதிர்க்கும் சருகுதான் அந்த மட்கு.

எங்கள் மலைக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. சரிவில் இறங்கும் மழை இரண்டு வேலை செய்யும். ஒன்று, மேல்மண்ணை இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது: மண்ணில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். அதனால் மலை மண் நாளாக நாளாகப் புளித்துக்கொண்டே போகும். யூரியா மாதிரி தழைச்சத்து உரங்களைத் தொடர்ந்து போட்டால் இன்னும் சீக்கிரம் புளிக்கும். பி.எச். 5-க்குக் கீழே போய்விட்டால் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். போடுகிற மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காமல் போகும். ஷார்ஜா தொட்டியில் நடந்ததற்கு நேர் எதிர்த் திசை, முடிவு என்னவோ ஒன்றுதான். உரம் மண்ணில் இருக்கும், செடி பட்டினி கிடக்கும்.

பூ விஷயத்திலும் மண்தான் பேசும். மாசி, பங்குனி வெயிலில் மொட்டு காத்துக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பிறகு இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அந்த இரண்டு மழைக்கு நடுவில் இருக்கும் நாட்களைத் தாங்குவது மண்ணில் தேங்கிய ஈரம்தான். ஒரே மழை, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒன்றில் பிஞ்சு பிடிக்கும், இன்னொன்றில் உதிரும். இதை ராசி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

நான் போட்ட எக்செல் கணக்கு

2016. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியாயிற்று. நான் துபாய் வந்து மூன்று வருஷம்தான், கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சில்வர் ஓக் நல்ல விலைக்குப் போகிறது என்று ஒரு மர வியாபாரி வந்தார். பேப்பர் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா தயங்கினார். நான் இங்கிருந்து எக்செல் ஷீட் போட்டு அனுப்பினேன்.

என் வாதம் இதுதான். பிரேசிலில் காப்பிக்கு நிழல் மரமே பெரும்பாலும் கிடையாது, திறந்த வெயிலில்தான் வளர்க்கிறார்கள். அங்கே ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். இந்தியாவில் அராபிகா சராசரி அரை டன்கூடத் தேறுவதில்லை. ஆக, வெயில் பட்டால் விளைச்சல் கூடும். மரம் விற்ற பணமும் வரும், காப்பியும் கூடும். இரண்டு பக்கமும் லாபம். இன்ஜினியர் மகன் கணக்குப் போட்டுச் சொன்னால் எந்த அப்பா மறுப்பார்? மரம் போனது.

எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி, ரெண்டு வருஷம் நல்லா காய்க்கும். அப்புறம் பாருங்க."

முதல் அறுவடை வழக்கம்போல. அடுத்த அறுவடையில் 20 மூட்டை. நான் அந்த எக்செல் ஷீட்டை ஃபிரெண்ட்ஸ் எல்லோருக்கும் காட்டினேன். அந்தப் பணத்தில் தோட்ட வாசலுக்கு ஸ்டீல் எழுத்தில் குடும்பப் பெயர் போட்ட பெரிய கேட் ஒன்று வைத்தோம்.

அந்த 20 மூட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெயில் பட்டதும் செடி சக்திக்கு மீறிப் பூத்தது, காய்த்தது. கிளையிலும் வேரிலும் சேர்த்து வைத்ததையும், தாத்தா காலத்துச் சருகு மண்ணில் விட்டுப்போன சத்தையும் ஒரே மூச்சில் எடுத்துச் செலவழித்தது. அறுவடை முடிந்ததும் கிளைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. வெயில் படும் தண்டில்தான் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்க விரும்பும், அதுவும் வந்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையேறி எங்கள் மலைக்கும் வந்தபோது மழையைத் தாங்க மேலே இலையும் இல்லை, கீழே சருகும் இல்லை. சரிவில் மேல்மண் வழித்துக்கொண்டு போனது. சில செடிகளுக்கு வேர் வெளியே தெரிந்தது என்று அப்பா சொன்னார். அந்த அறுவடை 9 மூட்டை. அதற்கடுத்தது 6.

எங்கள் ஐ.டி. வேலையில் இதற்குப் பெயர் உண்டு. டெஸ்டிங்கையும் பேக்கப்பையும் நிறுத்தினால் முதல் காலாண்டில் செலவு குறைந்து ரிப்போர்ட் பிரமாதமாக இருக்கும். 'டெக்னிக்கல் டெட்' என்போம். ஆபீசில் இதைப் பற்றி பிரசன்டேஷன் கொடுத்தவன், சொந்த நிலத்தில் அதையே செய்தேன்.

பிரேசில் விஷயத்தையும் பிறகுதான் முழுதாகப் படித்தேன். அங்கே பெரிய காப்பிப் பகுதியான செராடோவின் மண் இயல்பிலேயே கடும் அமிலம். ஒரு காலத்தில் விவசாயத்துக்கு உதவாது என்று ஒதுக்கிய நிலம். 1970-களிலிருந்து அந்த நாட்டு விவசாய ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா வழிகாட்ட, ஏராளமாகச் சுண்ணாம்பைக் கொட்டித்தான் அதைச் சரிசெய்தார்கள். பரந்த மேட்டுச் சமவெளி, மெஷின் ஓட்டும் தோட்டம், மண்ணைப் பரிசோதித்துப் போடும் உரம். வியட்நாம் ஹெக்டேருக்கு இரண்டரை டன் எடுப்பதும் எரிமலைப் பாறையில் உருவான ஆழமான செம்மண்ணில், பாசனத்தோடு, அதுவும் ரொபஸ்டா ரகம். நான் பிரேசிலில் நிழல் இல்லாததை மட்டும் பார்த்தேன். சுண்ணாம்பைப் பார்க்கவில்லை.

ஏமன் நண்பர் சொன்னது

எங்கள் ஆபீசில் ஏமன்காரர் ஒருவர் இருந்தார். மலைக்கிராமத்துக் குடும்பம். நான் காப்பி பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பார். உங்கள் காப்பியே எங்கள் காப்பிதான் என்பார். உண்மைதான். 17-ம் நூற்றாண்டில் பாபா புடன் ஏமனிலிருந்து ஏழு விதை கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பதுதான் நம் நாட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை.

ஏமனில் காப்பி வளர்ந்தது செங்குத்தான மலையில், படிப்படியாகக் கல்சுவர் கட்டி மண்ணைத் தேக்கிய சின்னச் சின்ன வயல்களில். மழை குறைந்த ஊர். வருகிற கொஞ்ச மழையையும் மண்ணையும் பிடித்து வைப்பது அந்தச் சுவர்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது ஏறிப் பார்த்து விழுந்த கல்லை எடுத்து வைக்க வேண்டும். ஒரு படி சரிந்தால் அந்த மண் கீழ்ப்படியில் விழும், கனம் தாங்காமல் அதுவும் சரியும்.

1970-களில் எண்ணெய்ப் பணம் கொட்டியபோது ஏமன் மலைகளிலிருந்து லட்சக்கணக்கான ஆண்கள் சவூதிக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டுக்குப் பணம் வந்தது, புது வீடு வந்தது, ஜீப் வந்தது. கல்லை எடுத்து வைக்க ஆள் இல்லை. பல இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் நின்ற படிகள் ஒரே தலைமுறையில் இடிந்தன. 1990-ல் குவைத் நெருக்கடியின்போது சுமார் எட்டு லட்சம் ஏமன்காரர்கள் சவூதியிலிருந்து திரும்ப வேண்டியதாயிற்று. ஆட்கள் திரும்பினார்கள், அடித்துப்போன மண் திரும்பவில்லை. ஏமன் காப்பி சுருங்கியதற்குக் காத் பயிர், தண்ணீர்ப் பஞ்சம், போர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த நண்பர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "என் அப்பா பணம் அனுப்பினார். மண்ணுக்கு யாரும் பணம் அனுப்பவில்லை."

கேட்டபோது என் வயிற்றில் ஏதோ செய்தது. எங்கள் தோட்ட கேட் ஞாபகம் வந்தது.

அதே மலைத்தொடரின் வடக்கே, சவூதியின் ஜாஸான் பகுதியில் இப்போது வேறு காட்சி. அங்கேயும் படிக்கட்டு வயல்களில் கவ்லானி காப்பி வளர்க்கிறார்கள். 2022-ஐ சவூதி காப்பி ஆண்டாக அறிவித்தார்கள். அதே வருஷம் கவ்லானி காப்பி வளர்க்கும் அறிவு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே வருஷம் அரசு முதலீட்டு நிதியம் சவூதி காப்பி கம்பெனி தொடங்கி, பத்து வருஷத்தில் சுமார் 120 கோடி ரியால் போடப்போவதாகச் சொன்னது. வருஷத்துக்கு 300 டன்னை 2,500 டன் ஆக்குவது இலக்கு. எண்ணெய் இருக்கிற நாடு, மலையில் மிச்சமிருக்கும் கொஞ்சம் மண்ணின் மதிப்பைப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சம்பாதிக்கிற நாம் அந்தப் பணத்தால் சொந்த மலையில் என்ன செய்கிறோம்?

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு கதையும் தெரிந்திருக்கும். மலையகத்துக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனது முதலில் தேயிலைக்கு இல்லை, காப்பிக்கு. 1869-ல் இலைத்துரு நோய் வந்து அந்தக் காப்பி அழிந்தது என்று படித்திருப்போம். நோய் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, செங்குத்துச் சரிவில் ஒரு புல்கூட விடாமல் களை எடுத்து, பல தோட்டங்களில் மேல்மண் ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

"மழையே இல்லை, மண்ணைப் பேசி என்ன?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு, நியாயம்தான். மழை முன்னைப்போல இல்லை. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. காட்டுமாடு வந்து மிதித்துவிட்டுப் போகிறது. விலை இன்று ஏறும், நாளை இறங்கும். இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது மண் ஒன்றுதான். மழை தப்பும் காலத்தில்தான் ஈரம் பிடிக்கும் மண் இன்னும் முக்கியம்.

2021-ல் கோவிட் சமயத்தில் நான்கு மாதம் ஊரிலிருந்தே வேலை பார்த்தேன். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் முறையாக மண் பரிசோதனைக்கு எடுத்தோம். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை அதைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போயிருக்கிறோம். எங்கள் மண்ணின் பி.எச். 4.8. அத்தனை வருஷம் வாங்கிப் போட்ட உரத்தில் எவ்வளவு வீணாகப் போனதோ என்று நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. பரிசோதனைக்கு ஆன செலவு, நான் இங்கே குடும்பத்தோடு கராமாவில் ஒரு ராத்திரி சாப்பிடும் பில்லைவிடக் குறைவு.

அதற்குப் பிறகு செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பரிசோதனையில் சொன்ன அளவுக்கு டோலமைட் சுண்ணாம்பு போட்டோம். போட்ட கையோடு உரம் போடக்கூடாது, தழைச்சத்து ஆவியாகிவிடும் என்பதால் இடைவெளி விட்டோம். சரிவுக்குக் குறுக்கே மாறி மாறிச் சின்னக் குழிகள் வெட்டினோம், ஓடி வரும் தண்ணீரும் சருகும் அதில் தங்கும். கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றினோம், அது சீக்கிரம் வேர் பிடிக்கும். சில்வர் ஓக், பலாக் கன்று வைத்தோம். போன அறுவடை 11 மூட்டை. பழைய 14 இன்னும் வரவில்லை. அடித்துப்போன மேல்மண் ஒரு அங்குலம் திரும்ப உருவாக நூற்றாண்டுக் கணக்கில் ஆகுமாம். ஆக, என் காலத்தில் முழுதாக வராது.

வாங்கப்போகிறவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும்

தோட்டம் வாங்க நினைக்கும் நண்பர்களே, பட்டாவோடு மண் பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே எடுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு ஒன்பது அங்குல ஆழத்துக்கு, தோட்டம் முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். உரம் போட்ட உடனே எடுக்கக்கூடாது. ஒரு பெருமழைக்குப் பிறகு போய், ஓடையில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் கலங்கலாக ஓடினால் அந்தத் தோட்டம் கரைந்துகொண்டிருக்கிறது. நிழல் மரத்தை அண்மையில் வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வெட்டியிருந்து, "போன வருஷம் அமோக விளைச்சல்" என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் ரொம்பவே யோசியுங்கள். அந்த 20 மூட்டைப் புத்தகம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

ஏற்கெனவே ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு ஒன்றே ஒன்று. மாதா மாதம் எக்ஸ்சேஞ்சில் பணம் போடும்போது வீட்டுச் செலவு, இ.எம்.ஐ., சீட்டு என்று பிரிக்கிறோம் அல்லவா? வருஷத்தில் ஒரு தடவை மண்ணுக்கு என்று தனியாக ஒரு தொகை அனுப்புங்கள். காம்பவுண்டு சுவருக்கோ கேட்டுக்கோ அதை மாற்ற விடாதீர்கள். வயதான அப்பாவும் தோட்டத்து அண்ணனும் செய்யத் தெரியாமல் விட்டதில்லை. நாம் கேட்காததால், அனுப்பாததால் விட்டார்கள்.

ஷார்ஜாவில் படிக்கும் என் மகளுக்கு மண் என்றால் கடையில் மூட்டையாக விற்கிற பொருள். போன லீவில் தோட்டத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ஏன் கறுப்பா இல்ல? தாத்தா கறுப்பா இருக்கும்னு சொன்னாரே" என்று கேட்டாள். கல்யாண முருங்கை பெரிதாகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற மார்கழி அறுவடைக்கு லீவு போட்டாயிற்று. இரண்டாவது மண் பரிசோதனையும் அப்போதுதான்.